அப்பாவின் பழைய ஹெரால்டு: முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா?

குடியாத்தத்தை அடுத்த ஊர் ஒன்றிலிருந்து 58 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதமும் பதினோரு புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். மருத்துவராக இருந்த அவருடைய தந்தை 1970இல் புதிதாக வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று, வீட்டின் பின்புறம் கிணற்றடிக் கொட்டகையில் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. பதிவுச் சான்று (ஆர்.சி.) கடைசியாக 2009 வரை செல்லுபடியாகியிருந்தது. தந்தை 2012இல் காலமானார். தாயார் உடன் இருக்கிறார். மூத்த சகோதரி திருப்பத்தூரிலும் தம்பி பெங்களூரிலும் வசிக்கிறார்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தாயார் அந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறார் என்று வாசகர் எழுதியிருக்கிறார். விற்கப்போவதாக அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். வேலூரில் காயலான் கடை வைத்திருப்பவர், வண்டி மட்டுமென்றால் 28,000 ரூபாய், ஆர்.சி. புத்தகமும் கையெழுத்திட்ட படிவங்களும் சேர்ந்தால் 40,000 ரூபாய் என்கிறார். பெங்களூரைச் சேர்ந்த பழங்கார் ஆர்வலர் ஒருவர், எஞ்சின், கியர் பாக்ஸ், பானெட், கண்ணாடிகள், மீட்டர் பலகை ஆகியவற்றுக்கு மட்டும் 55,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். பாகங்களைப் பெங்களூருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இரும்புக்குப் போட்டால் கூடுதல் பணம் வரும் என்பது வாசகரின் கணக்கு. தம்பி விற்கவே கூடாது என்கிறார். 'பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ஆர்.சி. செத்துப்போய்விட்டது, அக்காவுக்குச் சீர்வரிசை எல்லாம் அப்பாவே செய்து முடித்துவிட்டார், மூத்த மகன் என்ற முறையில் நான் முடிவெடுப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?' என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முழுதா, பகுதியா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பாக, விற்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, விற்ற பின் அந்தப் பதிவு எண் யார் கையில் இருக்கும் என்ற இரண்டையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டிலும் நீங்கள் கொண்டிருக்கும் எண்ணம் சரியானதன்று.

கார் யாருடையது?

உங்கள் தந்தை உயில் எழுதவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் விட்டுச்சென்ற சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகச் சேரும். உங்கள் குடும்பத்தில் தாயார், அக்கா, நீங்கள், தம்பி என நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கார் அசையும் பொருள் என்பதால் இந்தக் கணக்கு மாறாது. மூத்த மகன் என்பதற்காகச் சட்டம் கூடுதல் உரிமை எதையும் தருவதில்லை. அக்காவுக்குத் திருமணத்தின்போது செய்த சீர், பாசத்தினால் செய்தது. அதைக் காட்டி அவருடைய வாரிசுப் பங்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நம் பக்கத்துக் குடும்பங்களில் நல்ல மனிதர்களே இந்த எண்ணத்தை உண்மையென நம்பி, பிறகு உடன்பிறந்தவர்களோடு பேச்சற்றுப் போவதை வேலூர் நீதிமன்ற வளாகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே முதல் உரையாடல் தாயாரோடு நடக்க வேண்டும். அந்த வண்டியில் கால் பங்கு அவருடையது என்பது ஒரு காரணம். ஆண்டுதோறும் அதற்குச் சந்தனம் வைப்பவர், ஒரு நாள் காலையில் கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நியாயமாகாது என்பது அதைவிடப் பெரிய காரணம். தம்பி விற்கக்கூடாது என்றால், மற்ற மூவரின் பங்குக்குரிய தொகையைக் கொடுத்து அவரே வண்டியை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தேதி குறித்துக் கேளுங்கள். பாதுகாப்பதற்கு இடமும் செலவழிக்கப் பணமும் இருந்தால் அவர் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் விற்க ஒப்புக்கொள்வார். இரண்டில் எது நடந்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. உண்மையில் செத்துப்போய்விட்டதா?

பதிவுச் சான்றின் காலம் முடிந்துவிட்டால், அந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள். பதிவேட்டில் உள்ள பெயர் அழிந்துவிடுவதில்லை. பதிவை நீக்கும்படி யாரும் விண்ணப்பித்து ஆணை பெறாத வரை, அந்த எண்ணுக்கு உரியவர் இன்றும் உங்கள் தந்தைதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30)இன்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதை ஐயத்திற்கிடமின்றி உறுதிசெய்தது. கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் விபத்தை ஏற்படுத்திய வழக்கு அது. 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்ற வாதத்தை ஏற்காமல், பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டிய தீர்ப்பு இது.

இப்போது காயலான் கடைக்காரர் சொன்ன இரண்டு விலைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ. 28,000 ரூபாயை அதனால் வகுத்தால் கிலோவுக்கு 35 ரூபாய் வருகிறது. அது இரும்புக்குப் பேசிய விலை. அப்படியென்றால் கூடுதலாகத் தருவதாகச் சொல்லும் 12,000 ரூபாய் எதற்கு? உடைத்து உருக்கப் போகிற வண்டிக்கு ஆர்.சி. புத்தகமும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்தும் எதற்காகத் தேவைப்படுகின்றன? அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உண்மையான பதிவு எண்ணும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் எண் பொறித்த தகடும் ஒன்றாகக் கிடைத்தால், ஆவணமில்லாத வேறொரு வண்டிக்கு அவற்றைப் பொருத்திவிட முடியும். அந்த வண்டி திருட்டு வண்டியாக இருந்தால், விசாரணைக்கான முதல் அழைப்பு குடியாத்தத்தை அடுத்துள்ள உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும். உங்கள் படங்களில் ஒன்றில், பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்சுவரில் அந்தத் தகடு தெரிகிறது. ஒரு மூலையில் துருப்பிடித்திருந்தாலும் எண்கள் தெளிவாகப் படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் கொட்டகையில் உள்ளவற்றில் சட்டத்தின் பார்வையில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டிய பொருள் கையகல அளவே உள்ள அந்தத் தகடுதான்.

ஆகவே ஆர்.சி. புத்தகத்தைத் தனியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். தந்தையின் பெயரில் நீங்கள் கையெழுத்திடுவது பற்றி அந்தக் கடைக்காரர் ஏதோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது போலிக் கையெழுத்துக் குற்றம். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிரித்து விற்றால்

உங்கள் அனுமதியோடு, பழங்கார்களைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்துவரும் காட்பாடி மெக்கானிக் ஒருவரிடம் படங்களைக் காட்டினேன். ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே உள்ள பட்டையை நீங்கள் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டு எடுத்த படத்தில், இரும்பு அப்பளம்போல் உடைந்து உள்ளே மண் தெரிகிறது. அதைப் பார்த்து நான் கலங்கினேன், அவர் கலங்கவில்லை. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் உடற்கூடே வண்டியைத் தாங்குகிறது. ஹெரால்டில் சேசிஸ் தனி, அதன்மேல் போல்ட்டால் பூட்டிய உடல் தனி. கதவடிப் பட்டைகளைக் கழற்றி மாற்றலாம். சேசிஸின் நடுவே ஓடும் இரண்டு முதன்மை இரும்புச் சட்டங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்பதே கேள்வி என்றார். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென்று ஒலிக்கும். அந்தச் சோதனையை ஒருவரை நேரில் அழைத்துச் செய்துவிடுங்கள். முதன்மைச் சட்டங்களே போய்விட்டிருந்தால் நான் கீழே சொல்லும் யோசனை மாறும்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி உங்கள் கணக்கையே மாற்றக்கூடியது. வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது. எஞ்சின் 948 சி.சி.; இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டில் இருந்ததே. அந்த எஞ்சினுக்கான உதிரிகள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் வந்தது. அதன் பின்கதவுகளையும் அவற்றைச் சுற்றிய உடற்பகுதியையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாது. பெங்களூர்க்காரர் கேட்பது எளிதில் கழற்றி எடுத்துப்போகக்கூடியவற்றை. நீங்கள் இரும்புக்குப் போட நினைக்கும் மிச்சத்தில்தான் கிடைப்பதற்கு அரிய பகுதி இருக்கிறது.

மேலும், 55,000 ரூபாயோடு மிச்ச இரும்பின் விலையைக் கூட்டிய நீங்கள், கழற்றுகிற கூலியையும் கண்ணாடிகள் உடையாமல் பெங்களூர் சேர்வதற்கான செலவையும் கழிக்கவில்லை. பாகம் பாகமாக விற்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல பாகங்கள் முதல் வாரத்தில் போய்விடும், எஞ்சியவை கொட்டகையில் கிடக்கும், எஞ்சின் இல்லாத கூட்டை முழுதாக வாங்க அதன்பின் ஒருவரும் வரமாட்டார்கள்.

இருந்தும் பிரித்துத்தான் விற்பது என்று நால்வரும் முடிவெடுத்தால், அது சட்டவிரோதமன்று. முறை இதுதான். வண்டி நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலையை அடைந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 55இன்படி உரிமையாளர் 14 நாட்களுக்குள் தம் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை நீக்கச் செய்ய வேண்டும். கூட்டையும் சேசிஸையும் சாதாரணக் காயலான் கடைக்குக் கொடுக்காமல், 2021ஆம் ஆண்டு விதிகளின்கீழ் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால், வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழும் உடைப்புச் சான்றிதழும் கிடைக்கும். சேசிஸ் எண் பொறித்த பகுதியும் அங்கேயே முறைப்படி தீர்க்கப்படும். கையில் அந்தச் சான்றிதழ் இருந்தால், பத்து ஆண்டு கழித்து யார் வந்து கேட்டாலும் உங்களுக்குப் பதில் இருக்கும்.

பாகங்களை விற்கும்போது பேச்சிலும் கவனம் வேண்டும். 'ஓடும் எஞ்சின்' என்று எழுதி விற்றுவிட்டு அது ஓடாமல் போனால், விற்பனைச் சரக்குச் சட்டம், 1930, பிரிவு 15இன்படி வருணனைக்கு ஒத்துவராத சரக்கு என்று வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பல ஆண்டுகளாக இயக்காத எஞ்சின், சோதிக்கப்படவில்லை, உள்ளபடி விற்கப்படுகிறது என்று உண்மையை உள்ளபடியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முழுதாக விற்றால்

என் யோசனை இதுதான். சேசிஸின் முதன்மைச் சட்டங்கள் உறுதியாக இருந்தால், வண்டியையும் சீரான ஆவணங்களையும் ஒன்றாக, புதுப்பிக்க விரும்பும் ஒருவருக்கு விற்க ஆறு மாதம் முயலுங்கள். பெங்களூர்க்காரரிடமே முதலில் கேட்டுப் பாருங்கள். பாகங்களை மட்டும் கேட்டவர், ஆவணங்கள் ஒழுங்காக இருப்பது தெரிந்தால் முழு வண்டியையும் கேட்கக்கூடும்.

உங்கள் மருமகன், ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டதால் இது விண்டேஜ் கார், பல இலட்சம் பெறும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருப்பதோடு, வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டும், சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமலும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள அந்த விதி இடம் தருகிறது. ஆகவே இன்றைய நிலையில் உங்கள் கார் விண்டேஜ் வண்டி ஆகிவிடவில்லை. அப்படி ஆக்கக்கூடிய ஒருவருக்கு நல்ல அடிப்படையாக இருக்கிறது. எஞ்சினைத் தனியே கொடுத்த அன்றே அந்த வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். புதுப்பித்த காருக்குச் சொல்லும் விலையை உங்கள் கொட்டகையில் உள்ள காருக்கு எதிர்பார்த்துக் காத்திருந்தால், இன்னும் இரண்டு ஐப்பசி மழையில் துரு மேலும் தின்றுவிடும்.

ஆவணங்களைச் சீராக்கும் வழியில் மூன்று படிகள் உள்ளன.

1. பதிவேட்டைக் கண்டுபிடித்தல். 1970இல் வட ஆற்காடு மாவட்டத்திற்கு வேலூரில் செய்த பதிவு இது. 1989இல் மாவட்டம் பிரிந்தது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகியது. கையெழுத்துப் பதிவேட்டில் மட்டும் உள்ள பழைய விவரம் கணினிக்கு ஏறாமல் இருக்கலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைத் தேடிப் பாருங்கள். வராவிட்டால் மூல ஆர்.சி.யோடு வேலூர் அலுவலகத்திற்குப் போய்ப் பழைய பதிவை ஏற்றும்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள். வரி பாக்கி, பசுமை வரி விவரமும் அப்போதே தெரிந்துவிடும்.

2. வாரிசு பெயருக்கு மாற்றுதல். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற மூவரின் சம்மதப் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். இறந்த மூன்று மாதத்திற்குள் செய்திருக்க வேண்டியது இது. தாமதத்திற்கு அபராதம் செலுத்த நேரும். அதனால் வழி அடைபட்டுவிடாது, அஞ்ச வேண்டாம். பெயர் மாற்றத்தோடு பதிவைப் புதுப்பிக்கவும் சொன்னால், 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 திருத்தத்தின்படி கட்டணமே 10,000 ரூபாய் என்பதையும், தகுதிச் சோதனைக்கு வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்தச் செலவை வாங்குபவர் ஏற்பதாக விலை பேசுவது நியாயமே.

3. வாங்குபவர் பெயருக்கு மாற்றுதல். படிவம் 29, 30. வாங்குபவர் கர்நாடகத்தவர் என்றால், வேலூர் அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். விற்ற தகவலை மாநிலத்திற்குள் என்றால் 14 நாட்களிலும், வெளிமாநிலம் என்றால் 45 நாட்களிலும் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. இதை வாங்குபவரிடமோ தரகரிடமோ விட்டுவிடாமல், நீங்களே தெரிவித்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைகளுக்கு இரண்டு மூன்று மாதம் அலைச்சல் உண்டு. அதைப் பார்த்துச் சலித்துத்தான் பலர் காயலான் கடைக்காரர் நீட்டும் படிவத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். முழுதாக விற்றாலும் பிரித்து விற்றாலும் முதல் இரண்டு படிகளிலிருந்து தப்ப முடியாது என்பதால், விலை பேசி முடியும்வரை காத்திராமல் வாரிசுச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆறு மாதத்தில் தக்க ஆள் வராவிட்டால், அதே ஆவணங்களைக் கொண்டு பதிவை நீக்கிவிட்டு, பாகங்களைப் பெங்களூருக்கும் கூட்டை உடைப்பு மையத்திற்கும் தயக்கமின்றி அனுப்பலாம்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் டெலிவரி நோட் எழுதி, அதில் தேதியோடு நேரத்தையும் குறியுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலை இணைத்து, பணத்தை வங்கி வழியாகப் பெறுங்கள். காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் உருட்டவோ கட்டி இழுக்கவோ விடாதீர்கள். லாரியில் ஏற்றிச் செல்லட்டும். முன்கண்ணாடியின் மூலையில் உங்கள் தந்தை ஒட்டிய, மங்கிப்போன மருத்துவர் சின்னம் ஒரு படத்தில் தெரிகிறது. அதையோ, தாம் ஆண்டுதோறும் சந்தனம் வைத்த ஸ்டீயரிங்கின் நடுவில் உள்ள ஹாரன் பொத்தானையோ தாயார் வைத்துக்கொள்ள விரும்பினால், விலை பேசும் முன்பே கழற்றி எடுத்து, அந்தப் பொருள் விற்பனையில் சேராது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.